இம்போர்ட்டின் ஆல்ஃபாவுக்கு எந்த ஆன்டிபாடி வாங்குவது?

பெரிய புரதங்கள் செல்லின் உட்கருவுக்குள் தாமாக நுழைய முடியாது. உள்ளே போக வேண்டிய புரதத்தில் உள்ள அடையாளத் தொடரை இம்போர்ட்டின் ஆல்ஃபா பற்றிக்கொள்ளும். ஆல்ஃபாவை இம்போர்ட்டின் பீட்டா பற்றி, உட்கருத் துளை வழியே இரண்டையும் உள்ளே சேர்க்கும். மனித செல்லில் இந்த ஆல்ஃபா ஏழு வகை: கேபிஎன்ஏ1 முதல் கேபிஎன்ஏ7 வரை. இவற்றில் ஒன்றை மட்டும் ஆராய ஆன்டிபாடி தேடுபவர் விலைக்கும் விளம்பரத்துக்கும் முன்னால் கேட்க வேண்டியது: இது அந்த ஒன்றை மட்டும்தான் பிடிக்கிறதா?

ஏழும் ஏறத்தாழ 60 கிலோடால்டன் எடை கொண்டவை. கேபிஎன்ஏ1, 5, 6 ஒரு கிளை. 3, 4 இன்னொரு கிளை. இந்த ஒவ்வொரு கிளைக்குள்ளும் அமினோ அமில வரிசை 80 சதவீதத்துக்கும் மேல் ஒத்துப்போகிறது. அதனால் வெஸ்டர்ன் பிளாட்டில் 60-க்குப் பக்கத்தில் சுத்தமான ஒற்றைப் பட்டை விழுந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். அது கேபிஎன்ஏ6 ஆக இருக்கலாம், கேபிஎன்ஏ1 ஆக இருக்கலாம், இரண்டும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். எபோலா வைரஸின் விபி24 புரதம் 1, 5, 6 ஆகிய மூன்றோடும் ஒட்டிக்கொண்டு, இன்டர்ஃபெரான் சமிக்ஞையைச் சுமக்கும் ஸ்டாட்1 உட்கருவுக்குள் போகாதபடி தடுக்கிறது. அப்படிப்பட்ட ஆய்வில் எந்த ஆல்ஃபா என்பதுதான் கேள்வியே. ஆன்டிபாடி ஆளை மாற்றிக் காட்டினால் முடிவும் மாறிவிடும்.

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள்

மனிதப் புரதங்களில் இம்போர்ட்டின் ஆல்ஃபா1 என்பது கேபிஎன்ஏ2. கேபிஎன்ஏ1-க்கு வழங்கும் பெயர் ஆல்ஃபா5. கேபிஎன்ஏ3 என்பது ஆல்ஃபா4, கேபிஎன்ஏ4 என்பது ஆல்ஃபா3. கேட்டலாக்கில் இரண்டு பெயர் முறையும் கலந்தே வரும். மரபணுப் பெயரையும் யூனிப்ராட் எண்ணையும் ஒத்துப் பார்த்த பிறகே ஆர்டர் போடுங்கள்.

மூன்று வகை, மூன்று பலன்

பாலிகுளோனல்: புரதத்தின் பல இடங்களில் ஒட்டும், சிக்னல் பலமாக வரும். ஆனால் முழுப் புரதத்தையும் விலங்குக்குச் செலுத்தித் தயாரித்ததென்றால், குடும்பத்துக்கே பொதுவான நடுப்பகுதியையும் அது பிடிக்கும். ஆர்மடில்லோ மடிப்புகள் பத்தும் அடுக்கியிருக்கும் பகுதி அது. இரு முனைகளில்தான் வேறுபாடு அதிகம்; அங்கிருந்து எடுத்த பெப்டைடுக்கு எதிராகத் தயாரித்தது பரவாயில்லை. லாட் மாறினால் தன்மையும் மாறும்.

மோனோகுளோனல்: 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் உருவாக்கிய ஹைப்ரிடோமா முறையில் கிடைப்பது. ஒரே இடத்தில் ஒட்டும். அந்த இடம் கேபிஎன்ஏ2-க்கு மட்டும் உரியதென்றால் மிக நல்லது. பொதுவான இடமென்றால் எவ்வளவு தூய்மையாக இருந்தும் பயனில்லை.

ரீகாம்பினன்ட்: ஆன்டிபாடியின் மரபணு வரிசை தெரியும். எப்போது தயாரித்தாலும் அதே பொருள் வரும். 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை நாக்அவுட் செல்களில் சோதித்து 2023-இல் இலைஃப் இதழில் வெளிவந்த ஆய்வில், மற்ற இரண்டு வகைகளையும்விட ரீகாம்பினன்டுகளே நன்றாகச் செயல்பட்டன. ஆனாலும் ரீகாம்பினன்ட் என்ற சொல் ஒரே அச்சைத்தான் உறுதி செய்யும். சரியான இலக்கா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

எந்தச் சோதனைக்கு எது?

இம்யூனோப்ரிசிபிடேஷன் செய்து, அதே மாதிரியை வெஸ்டர்னில் ஓட்டப் போகிறீர்களா? ஆன்டிபாடியின் கனச் சங்கிலி 50 கிலோடால்டன் அருகில் தடிமனாக விழுந்து, பக்கத்தில் உள்ள ஆல்ஃபாவை மறைத்துவிடும். எலி ஆன்டிபாடியால் இழுத்து, முயல் ஆன்டிபாடியால் பிளாட் செய்யுங்கள்; அல்லது லேசான சங்கிலியை மட்டும் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியை வாங்குங்கள். பீட்டாவோடு சேர்ந்த நிலையைப் பார்க்க வேண்டுமென்றால் புரதத்தின் என்-முனைக்கு (N-terminus) எதிரானதைத் தவிர்ப்பது நல்லது. பீட்டா இணையும் இடம் அதுதான். ஒன்று இடம் மறைந்திருக்கும், அல்லது ஆன்டிபாடியே பீட்டாவை விலக்கிவிடும்.

இம்யூனோஃப்ளோரசன்ஸில் செல்லைத் துளைக்கும் முறையும் விடையை மாற்றும். டிஜிட்டோனின் வெளிச்சவ்வை மட்டும் திறக்கும். சுமார் 150 கிலோடால்டன் எடையுள்ள ஆன்டிபாடி உட்கருத் துளைக்குள் போகாது. உள்ளே ஆல்ஃபா எவ்வளவு இருந்தாலும் படத்தில் தெரியாது. ட்ரைட்டான் இரண்டு சவ்வையும் திறக்கும். உட்கரு திறந்ததா என்று அறிய உட்கருவின் உள்ளே உள்ள லாமின் புரதத்துக்கான ஆன்டிபாடியையும் கூடவே போடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்த செல்லில் இம்போர்ட்டின் ஆல்ஃபா உட்கருவுக்குள் குவியும். நல்ல ஆன்டிபாடி அந்த இடமாற்றத்தைக் காட்ட வேண்டும்.

வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

முதலில் சிறிய குப்பியே போதும். ஏழு ஆல்ஃபாக்களையும் ஃப்ளாக் டேக் ஒட்டித் தனித்தனியாக செல்லில் உற்பத்தி செய்து, ஒரே ஜெல்லில் ஏழு வரிசையாக ஓட்டுங்கள். ஃப்ளாக் ஆன்டிபாடி ஏழையும் காட்டும். புதிதாக வாங்கியது, டேக் எடையால் சற்று மேலே நிற்கும் அந்த ஏழு பட்டைகளில் ஒன்றை மட்டுமே காட்ட வேண்டும். அடுத்து எஸ்ஐஆர்என்ஏ: இலக்கை அணைத்தால் பட்டை மங்க வேண்டும், அதே கிளையின் இன்னொன்றை அணைத்தால் பட்டை அப்படியே நிற்க வேண்டும். பலர் முதல் பாதியை மட்டும் செய்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் இரண்டாம் பாதிக்குத்தான் மதிப்பு அதிகம். முடிவு வந்ததும் லாட் எண்ணையும் நீர்த்தல் அளவையும் குறித்து வையுங்கள். கட்டுரை எழுதும்போது ஆன்டிபாடியின் ஆர்ஆர்ஐடி அடையாள எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

என் பரிந்துரை

கேபிஎன்ஏ1, 5, 6 அல்லது 3, 4 உங்கள் இலக்கென்றால், நாக்அவுட் செல்லில் நிரூபித்த ரீகாம்பினன்டை வாங்குங்கள். விலை கூடுதலானாலும் சரி. கேபிஎன்ஏ2 இந்த இரு கிளைகளிலும் சேராமல் ஓரளவு தனித்து நிற்பது. அதற்கு முனைப்பகுதியைப் பிடிக்கும் நல்ல மோனோகுளோனல் போதும். எல்லா ஆல்ஃபாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய வேலைக்கு மட்டும் பாலிகுளோனலைத் தேர்ந்தெடுக்கலாம். நாக்அவுட் தரவு எதற்கும் இல்லையென்றால், விலை குறைந்த இரண்டை வாங்கி, மிச்சமாகும் பணத்தை மேலே சொன்ன ஏழு வரிசை ஜெல்லுக்குச் செலவிடுங்கள். நடுவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தப் படம் பதில் சொல்லிவிடும்.