பாலிசியில் யார் பெயர்?

அன்புள்ள கவிதாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. பாப்பா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவள் என்ன படிப்பாள், எப்படிப் பிழைப்பாள் என்ற கவலை உன்னையும் மாப்பிள்ளையையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. கவலை நியாயம்தான். அதற்காகப் பாப்பாவுக்கென்று ஒரு பாலிசியில் பணத்தைக் கொட்டுகிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அவள் பட்டம் வாங்கி வேலை தேட இன்னும் 16 வருஷம் இருக்கிறது. அத்தனை தூரத்துக்கு எந்தப் படிப்பு சோறு போடும் என்று கணித்தவர்கள் நம் ஊரில் எத்தனை முறை ஏமாந்தார்கள் என்று பார். 2000-களில் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தால் அரசுப் பள்ளி வேலை கையில் என்று நம்பி ஊருக்கு ஊர் பயிற்சி நிறுவனங்கள் முளைத்தன. சில வருஷங்களில் சேர ஆளில்லாமல் பல இழுத்து மூடப்பட்டன. அடுத்து பொறியியல். தமிழ்நாட்டில் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. பிறகு கலந்தாய்வு முடிந்தும் மெக்கானிக்கல், சிவில் இடங்கள் காலியாகவே கிடந்தன. கூட்டம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் திரும்பியது. அந்தத் துறையிலும் 2025-இல் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இதில் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் யாரும் முட்டாள்கள் இல்லை. சேரும்போது சரியாக இருந்த கணக்கு, படித்து முடிக்கும்போது செல்லாமல் போய்விட்டது. ஆறாம் வகுப்பிலேயே நீட், ஜேஇஇ பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியாது. கட்டணம் மட்டும் முன்கூட்டியே தெரியும்.

அவள் தொழில் உங்கள் கையில் இல்லை. இந்த 16 வருஷமும் வீட்டில் வருமானம் நிற்காமல் இருப்பதும், அதன்பிறகு நீங்கள் அவள் சம்பளத்தை எதிர்பார்க்காமல் இருப்பதும் ஓரளவு உங்கள் கையில் இருக்கின்றன. சம்பாதிப்பவர் நீங்கள் இருவர். உங்களில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் அவள் பள்ளிக் கட்டணமே நின்றுவிடும். அப்படியிருக்க, சம்பாதிக்காத குழந்தையின் உயிருக்குக் காப்பீடு எடுப்பதில் என்ன பொருள்? குழந்தைத் திட்டம் என்று விற்கப்படுபவற்றில் சில பெற்றோருக்கும் காப்பீடு தருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் சேமிப்பையும் காப்பீட்டையும் ஒன்றாகக் கட்டித் தருவதால், கட்டும் பணத்துக்குக் காப்பீட்டுத் தொகை சொற்பம். உங்கள் இருவர் பெயரிலும் வெறும் டெர்ம் பாலிசி எடுத்தால் இதைவிட மிகக் குறைந்த பிரீமியத்தில் பல மடங்கு தொகை கிடைக்கும்.

“அப்போ பிள்ளைக்கென்று சேர்க்கவே வேண்டாமா?” என்பாய். சேர்க்கலாம். தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருக்கிறது: 10 வயதுக்குள் தொடங்க வேண்டும், வருஷத்துக்கு ரூ.250 முதல் ரூ.1.5 லட்சம் வரை போடலாம், 18 வயதுக்குப் பின் படிப்புச் செலவுக்குப் பாதி வரை எடுக்கலாம். ஆனால் உங்கள் பி.எஃப். பணத்தைத் தொடாமல் மிஞ்சுவதை அதில் போடுங்கள். குறைந்தால் கல்விக் கடன் இருக்கிறது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட அவகாசம் தருகிறார்கள், பழைய வரி முறையில் இருந்தால் வட்டிக்கு வருமான வரிச் சலுகையும் உண்டு. 60 வயதில் அரிசிக்கும் மருந்துக்கும் அப்படிக் கடன் தருகிற வங்கி இல்லை.

நம் தலைமுறை நகையை அடகு வைத்து, நிலத்தை விற்றுப் படிக்க வைக்கவில்லையா என்று மாப்பிள்ளை கேட்பார். வைத்தோம். அப்போது பட்டதாரிகள் குறைவு, அதனால் விற்ற நிலத்துக்குப் பலன் கிடைத்தது. அரசு வேலையில் இருந்தவர்களுக்கு ஓய்வூதியமும் இருந்தது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் போனார்கள். தனியார் வேலையில் இருக்கும் உங்களுக்கு அந்தப் பழைய அரசு ஓய்வூதியம் இல்லை. எல்லாவற்றையும் பிள்ளைக்கே கொடுத்துவிட்டவர்கள் கடைசியில் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க 2007-இல் தனிச் சட்டமே வந்தது. அதில் வைத்த உச்சவரம்பு மாதம் ரூ.10,000. அந்தச் சுமையைப் பாப்பாவின் முதல் சம்பளத்தில் ஏற்றாதீர்கள்.

அடுத்த பிரீமியத்தைக் கட்டும் முன் பாலிசிப் பத்திரத்தை எடுத்து, ஆயுள் காப்பீடு செய்யப்பட்டவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா