சிறுவர் முழங்கை முறிவும் இரு கம்பிகளும்

சென்ற கோடை விடுமுறையில், ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் எம் சிறிய தந்தையார் இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தோம். 2022-ஆம் ஆண்டில் தொல்லியல் துறையினர் அகழ்ந்து பழங்கற்கருவிகளை வெளிக்கொணர்ந்த ஊர் அது. இன்று அதன் சுற்றுப்புறமெங்கும் தொழிற்சாலைகள். சிறிய தந்தையாரும் சிற்றன்னையாரும் ஷிப்டு வேலைக்குச் சென்றிருந்த ஒரு மாலையில், அவர்தம் ஆறு வயது மகன் கொய்யாமரத்தினின்றும் விழுந்து இடது முழங்கையை முறித்துக்கொண்டான். அண்டைவீட்டார் அன்பினால் கட்டு வைத்தியர் ஒருவரை அழைத்துவந்தனர். அவர் பச்சிலையும் முட்டை வெண்கருவும் பூசி, மூங்கில் தப்பை வைத்து இறுகக் கட்டிச் சென்றார். இரவு ஒன்பது மணிக்குள் விரல்கள் வீங்கி வெளிறின. தம்பியின் அழுகையோ வரவர மிகுந்தது. "எலும்பு முறிந்தால் வலிக்காதா, கண்ணு?" என்று பாட்டியார் தேற்றினார். அஃது எலும்பின் வலியன்று என்பதனை யாம் பின்னரே அறிந்தோம்.

பூக்காரர் முழம் போடுவது முழங்கை முனையினின்று நடுவிரல் நுனிவரை அன்றோ? அம்முனைக்குச் சற்று மேலே, புயவெலும்பின் அடிப்பகுதியில், முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு குழிகள் உள. அவற்றிடையே எலும்பு தகடுபோல் மெலிந்திருக்கும். கையை ஊன்றி விழுங்கால், முழங்கை அளவிறந்து பின்வளைய, முன்கையெலும்பின் கொக்கி நெம்புகோல்போல் அவ்விடத்தைத் தாக்கி ஒடித்துவிடுகின்றது. ஐந்து முதல் ஏழு வயதிலேயே இது மிகுதி. ஒடிந்த கீழ்த்துண்டு பின்னே செல்ல, மேல்துண்டின் கூர்முனை முன்னே துருத்துகின்றது. கைக்கு இரத்தங் கொண்டுசெல்லும் பெரிய குழாயும், உடன் செல்லும் நரம்பும் சரியாக அம்முனைக்கு முன்னேதான் கிடக்கின்றன!

எனவே இம்முறிவில் அஞ்சத்தக்கது எலும்பன்று. சிறுவர் எலும்பு மூன்று நான்கு வாரங்களிற் கூடிவிடும். இரத்தவோட்டம் தடைப்பட்ட தசையோ ஏறக்குறைய ஆறு மணி நேரத்திற்குப்பின் மீளாது. அது சுருங்கி, விரல்களை மடக்கி, கையை வாழ்நாள் முழுதும் பயனற்றதாக்கிவிடும். இறுக்கிய கட்டுகளின் பின்விளைவாக இதனை 1881-இல் விளக்கியவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் வோல்க்மன். வலி நேரத்தோடு மிகுதலும், மடங்கிய விரலைப் பிறர் மெல்ல நிமிர்த்தினும் குழந்தை அலறுதலும் இதன் முன்னறிகுறிகள். மணிக்கட்டில் நாடி துடிக்கின்றதே என்று அமைதி கொள்ளலாகாது. நாட்டு வைத்தியர்மேற் பழி சுமத்துதல் எம் கருத்தன்று. மருத்துவமனையில் இடும் மாவுக்கட்டும் இறுகின் இத்தீங்கினையே செய்யும்.

மருத்துவர்க்கும் இங்கு ஓர் இக்கட்டு உண்டு. விலகிய எலும்பை இழுத்துப் பொருத்தியபின் அது மீண்டும் நழுவாதிருக்க, முழங்கையை நன்றாக மடக்கிக் கட்டவேண்டும். வீங்கிய முழங்கையை அங்ஙனம் மடக்கினால் இரத்தக்குழாய் நசுங்கும். மடக்காது விட்டால் எலும்பு நழுவிக் கோணலாய்க் கூடும். வளர வளரச் சரியாகிவிடும் என்பதும் பொய்ந்நம்பிக்கையே. புயவெலும்பின் வளர்ச்சியில் ஐந்திலொரு பங்கே அதன் கீழ்முனையில் நிகழ்வதால், உள்நோக்கிய கோணல் தானே நிமிர்வதில்லை.

இவ்விக்கட்டினை அவிழ்த்தது மெல்லிய கம்பி. 1909-இல் ஜெர்மானியர் கிர்ஷ்னர் எலும்பிற்கென அமைத்த கம்பியை, 1948-இல் அமெரிக்கர் ஸ்வென்சன் இம்முறிவிற்குத் தோல்வழியே செலுத்திக் காட்டினார். குழந்தையை மயக்கத்திலாழ்த்தி, எலும்பைக் கையாற் பொருத்தி, எக்ஸ்ரே திரையிற் பார்த்தவண்ணமே, ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பிகளிரண்டை வெளிப்புறமிருந்து விரித்துச் செலுத்துவர். தோலைக் கீறுவதில்லை. உட்புறமாகவும் ஒன்று செலுத்தவேண்டின் மிக்க கவனம் வேண்டும். முழங்கை இடிபட்டால் மின்னலெனச் சுரீரெனப் பாயுமே, அந்நரம்பு அங்கேதான் ஓடுகின்றது. எலும்பைக் கம்பியே தாங்கிநிற்றலால், கையை மிகுதியாக மடக்கவும் வேண்டா. இறுகக் கட்டவும் வேண்டா. இம்முறையின் உயிர்நிலை இதுவே என்பது எம் துணிபு. எல்லா முறிவிற்கும் கம்பி வேண்டுவதில்லை. கார்ட்லண்ட் 1959-இல் வகுத்த மூவகையுள் முதல்வகையாகிய, விலகாத முறிவிற்கு மாவுக்கட்டே போதும். தம்பியினுடையது மூன்றாம் வகை, முற்றும் விலகியது.

அன்றிரவு 108 வண்டியில் வந்த ஊழியர் முதலிற் செய்தது, கட்டினை அறுத்தெறிந்ததே. சிறிது நேரத்தில் விரல்கள் சிவந்தன. அரசு மருத்துவமனையில் விடியுமுன் கம்பிகள் ஏறின. நான்காம் வாரத்தில், தோலுக்கு வெளியே வளைத்துவிட்டிருந்த நுனிகளைப் பற்றி, மயக்க மருந்தின்றியே உருவியெடுத்தனர். தம்பி ஒருமுறை "ஆ" என்றான், அவ்வளவே. எண்ணெய் தேய்த்து நீவுதல் கூடாது, விளையாட்டிலேயே மடக்கமும் நீட்டலும் திரும்பும் என்றார் மருத்துவர். தம் கைத்தைலத்திற்கு வேலையில்லாமற் போனதில் பாட்டியாருக்கு இன்னும் மனக்குறைதான். யாம் கல்லூரிக்குத் திரும்பிய நாளில் அவன் இடக்கை வாய்வரை எட்டிற்று. தோளைத் தொட இன்னும் நாலு விரற்கடை இருந்தது.