துடுப்பைத் தொடுமுன் நீர்மட்டத்தைப் பாருங்கள்

லங்காவித் தீவின் வடகிழக்கில் கிலிம் ஆறு கடலில் கலக்கிறது. இரு கரையிலும் சதுப்புநிலக் காடு. அதற்குப் பின்னால், 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான சுண்ணாம்புக்கல் குன்றுகள். 2007-இல் யுனெஸ்கோவின் ஆதரவு பெற்ற புவிப்பூங்கா வலையமைப்பில் லங்காவி இடம்பெற இந்தப் பாறைகளும் ஒரு காரணம். ஒரு கயாக்கில் உட்கார்ந்து இங்கே துடுப்புப் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குளம்போல் அமைதியாகத் தெரியும். நம்பாதீர்கள்!

இங்கு கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி, இருமுறை வற்றுகிறது. பாடநூலில் இதைத்தான் ஓதம் என்கிறோம். வற்றிய நிலையிலிருந்து உச்சத்தை எட்ட ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். ஆனால் நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மாலுமிகள் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். மொத்த ஏற்றத்தைப் 12 பங்காகப் பிரித்தால், முதல் மணியில் 1 பங்கு, அடுத்து 2, பிறகு 3, மீண்டும் 3, பின் 2, கடைசியில் 1.

மொத்த ஏற்றம் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு 0.2 மீட்டர். முதல் மணியில் 20 செண்டிமீட்டர்தான் ஏறும்; யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். மூன்றாவது மணியிலோ 60 செண்டிமீட்டர்!

இப்படிப்பட்ட கரையில் நீர் வற்றும்போது மட்டும் நுழையக்கூடிய குகைகள் இருக்கும். கடல் வற்றி ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போகிறீர்கள். தண்ணீருக்கும் கூரைக்கும் இடையே 1.2 மீட்டர் இடைவெளி இருக்கிறது. தலை தட்டாது. வௌவால்களைப் பார்த்துக்கொண்டே 2 மணி நேரம் போய்விடுகிறது. இதற்குள் 2 பங்கும் 3 பங்கும் சேர்ந்து நீர் 1 மீட்டர் ஏறிவிட்டது. மிச்சம் 20 செண்டிமீட்டர். கயாக் வெளியே வராது.

நீரோட்டத்தையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். வற்றும் நீரின் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர். ஆற்றிலிருந்து கடலை நோக்கி 3 கிலோமீட்டர் போக 22 நிமிடம் போதும். "நாம் எவ்வளவு கெட்டிக்காரர்கள்!" என்று தோன்றும். அதே நீரை எதிர்த்துத் திரும்பும்போது உங்கள் வேகம் 2 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். ஒன்றரை மணி நேரம்! போகும்போது கிடைத்த லாபம் வரும்போதைய நஷ்டத்தை ஈடுகட்டும் என்று பலர் நினைப்பார்கள். ஈடுகட்டாது, எதிர்நீரில் அதிக நேரம் செலவிடுகிறோம் அல்லவா? பிற்பகலில் காற்றும் எதிர்த்து வீசினால் சில வேளை நின்ற இடத்திலேயே துடுப்புப் போட வேண்டியதுதான்.

குறுக்கு வழி என்று சிறு ஓடைக்குள் நுழைவதும் ஆபத்தே. நீர் வற்றினால் அது சேறாகிவிடும். இறங்கித் தள்ளலாம் என்றால் கால் புதையும். சேற்றில் தத்தும் மீன்களுக்கு அது சொர்க்கம். உங்களுக்கு அடுத்த ஏற்றம்வரை காத்திருப்பு.

மலேசிய நில அளவை, வரைபடத் துறை நீர்மட்ட முன்கணிப்பு அட்டவணையை வெளியிடுகிறது. நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. நிலவின் நகர்வால் ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் மிகுதியாக இருக்கும். அட்டவணை கையில் இல்லையா? பாறையின் அடியைப் பாருங்கள். கடல் நீரும் கடல் உயிரினங்களும் சுண்ணாம்புக்கல்லை அரித்துக் குடைந்த பள்ளம் ஒரு கோடுபோல் ஓடும். அந்தக் கோடு உங்கள் தலைக்கு மேலே தெரிந்தால், தண்ணீர் இன்னும் ஏறக்கூடும்.