பயாப்சி முடிவு ஏன் தாமதமாகிறது?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகத்தில் பயாப்சி எடுத்து ஐந்து நாளாகியும் ரிப்போர்ட் வரவில்லை. ஆய்வகத்தில் இதை வேகப்படுத்தவே முடியாதா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ஒரு கட்டத்தை அவசரப்படுத்தவே கூடாது. மார்பகத் திசு குறைந்தது 6 மணி நேரமாவது ஃபார்மலினில் ஊற வேண்டும். இல்லையென்றால் ஹார்மோன் ஏற்பிச் சோதனையை நம்ப முடியாது. பிறகு மெழுகில் பதித்து, 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீவிச் சாயமேற்றுவார்கள்.

குறைக்கக்கூடியது காத்திருப்பைத்தான். பல ஆய்வகங்களில் நாள் முழுதும் வந்த திசுக்களைச் சேர்த்துவைத்து இரவில் ஒரே தடவையாகத் திசு பதப்படுத்தும் கருவியில் ஏற்றுகிறார்கள். அதைத் தவறவிட்ட மாதிரிக்கு முழுதாக ஒரு நாள் வீண். சிறிய பயாப்சிகளைப் பகலிலேயே தனித் தொகுதியாக ஏற்றலாம். இதைச் செய்தே ஆக வேண்டும் என்பேன். திசுவை வைக்கும் கேசட்டிலும் ஸ்லைடிலும் பார்கோடு இருந்தால் தேடுகிற நேரமும், மாதிரி மாறிப்போகும் ஆபத்தும் குறையும்.

உங்கள் அம்மாவின் மாதிரி இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஆய்வகத்தில் தயங்காமல் கேளுங்கள்.