மாரிமுத்து என்னும் திருநாமம்

மலையகத்தில் மாரியம்மன் ஆலயம் இல்லாத தோட்டத்தைக் காண்பது அரிது. அவ்வாறே முன்னைய தலைமுறையில் மாரிமுத்து, மாரியாயி, முத்துமாரி என ஒருவரேனும் இல்லாத லயத்தைக் காண்பதும் அரிதாகவே இருந்தது. இன்று கந்தப்பளைப் பக்கம் பிறக்கும் குழந்தைகளுக்கு இப்பெயரைச் சூட்டுவோர் சொற்பமே.

'மாரி' என்பது மழையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். 'முத்து' என்பதைக் கடல்முத்து என்று மட்டும் கொள்வது போதாது. வைசூரி கண்டவர் உடலில் எழும் கொப்புளங்களை அன்னை இட்ட முத்து என்றனர் நம் முன்னோர். நோயின் பெயரைச் சொல்லவும் அஞ்சிய காலம் அது. அம்மை இறங்கிப் பிழைத்த பிள்ளைக்கும், அம்பாளிடம் நேர்ந்து பெற்ற பிள்ளைக்கும் இத்திருநாமத்தை இட்டார்கள். தில்லைக் கூத்தனைப் பாடிய தமிழிசை மூவருள் ஒருவர் மாரிமுத்தாப் பிள்ளை (1712-1787). ஆகவே தோட்டங்கள் தோன்றுமுன்பே வழங்கிய பெயர் இது.

கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தோரில் வாந்திபேதியாலும் அம்மையாலும் வழியிலேயே மாண்டவர் பலர். தப்பி வந்தவர்கள் மரத்தடியில் கல் நாட்டி மாரியை வணங்கினர், பிள்ளைகளுக்கும் அவள் பெயரையே வைத்தனர். பிற்காலத்தில் மண்டபம் முகாமில் அம்மை குத்தியே ஆட்களை அனுப்பினார்கள். 1980இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அச்சம் நீங்கியது, அந்த நேர்த்தியும் குறைந்தது. நட்சத்திர எழுத்தும், எண்சோதிடமும், சினிமாவும் பெயர் வைக்கத் தொடங்கின.

இப்பெயரைத் தாங்கியவர்கள் பட்ட சிரமமும் சிறிதல்ல. தமிழறியாதோர் காதில் விழுந்தபடி எழுதியதால் செக்ரோலில் ஒரு விதம், பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறொரு விதம். 1948இல் பிரஜாவுரிமை பறிபோனபின், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள் நீண்டகாலம் இங்கு வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. எழுத்து மாறினால் ஆளே மாறியதாகிவிடும்! சேமலாப நிதி பெறச் செல்லும் முதியவர்கள் 'இருவரும் ஒருவரே' என்று சத்தியக்கடதாசி முடிக்கும் நிலை இன்றும் உண்டு. குழந்தையின் பிறப்பைப் பதியும்போதே பெற்றோர் பெயரை மூன்று மொழியிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்குமுன் இடுவது வழக்கம். அதனால் புதுப்பெயர் கொண்ட பிள்ளைகள் பலரின் பாடசாலை இடாப்பிலும் 'மா.' என்ற எழுத்து இன்னும் முன்னே நிற்கிறது.