குழம்பில் கலக்காதே, கயல்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். வாசனை வராது, ருசி மாறாது, சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று போட்டிருக்கிறான். அப்பாவின் குழம்பில் கலக்கலாமா என்று கேட்கிறாய். வேண்டாம் கண்ணு. பொடி வீட்டுக்கு வந்துவிட்டிருந்தால் பிரிக்காமல் வை.

அரசு மருத்துவமனை மருந்தகத்தில் முப்பது வருஷம் நின்றவள் நான். ஒரு அம்மா தன் கணவருக்குத் தெரியாமல், குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரையைப் பொடித்துத் தோசை மாவில் கலந்துவிட்டார். அன்று சாயங்காலம் கணவர் வழக்கம்போலக் குடித்தார். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து ஸ்ட்ரெச்சரில் வந்து சேர்ந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் பல மாதம் மனைவி கையால் சோறு வாங்கிச் சாப்பிடவில்லை.

சாராயம் உடம்புக்குள் போனதும் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறும். ஈரல் உடனே அதை உடைத்துத் தீங்கில்லாததாக்கிவிடும். டைசல்பிராம் அந்த இரண்டாவது வேலையை நடக்கவிடாது. நஞ்சு ரத்தத்தில் தேங்கிவிடும். 1940களில் டென்மார்க்கில் வயிற்றுப் புழுவுக்கு மருந்து தேடியவர்கள், தாங்களே விழுங்கிப் பார்த்தபோதுதான் இது தெரியவந்தது. அடியோடு நிறுத்த நினைக்கிறவர், விஷயம் தெரிந்து, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிட்டால் அது நல்ல மருந்துதான். தெரியாதவர் தட்டில் போட்டால் உயிருக்கே உலை.

கடைசி வரியில் நீ கேட்டதுதான் என் மனசைப் பிசைகிறது. “அப்பாவால ஒரேயடியா விட முடியல அத்தை, கொஞ்சம் கொஞ்சமா குறைக்க மருந்து கிடையாதா?” இருக்கிறது. பெயர் நால்ட்ரெக்சோன். அது வேலை செய்யும் விதத்தை ஒரு காக்கையை வைத்துச் சொல்கிறேன்.

நம் மொட்டை மாடிச் சுவருக்கு வரும் காக்கையை உனக்குத் தெரியும். தினமும் மத்தியானம் ஒரு பிடி சோறு வைப்பேன். உங்க மாமா அதைக் கம்பெடுத்து விரட்டிப் பார்த்தார். வேப்பமரத்தில் போய் உட்காரும். அவர் கீழே இறங்கியதும் வந்துவிடும். பிறகு எனக்கு முட்டி ஆபரேஷன் ஆகி மாடி ஏற முடியாமல் போனது. முதல் நாட்களில் வந்து வெற்றுச் சுவரைப் பார்த்து முன்னைவிட அதிகமாகக் கத்தியது. அப்புறம் எப்போதாவது வந்தது. பிறகு வரவே இல்லை.

ஜான் டேவிட் சின்க்ளேர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில் எலிகளிடம் இதைப் போன்ற ஒன்றைக் கண்டார். சாராயத்துக்குப் பழகிய எலிகளுக்குச் சில காலம் அதை நிறுத்திவிட்டு மறுபடி வைத்தால், முன்னைவிட அதிகமாகக் குடித்தன. விரட்டினால் ஆசை போவதில்லை, காத்திருக்கிறது. பிறகு அவர் பின்லாந்துக்குப் போய், ஹெல்சின்கியில் அந்நாட்டு அரசு மது நிறுவனமான ஆல்கோவின் ஆய்வகத்தில் வேலை செய்தார். மது விற்கும் அரசு நிறுவனத்தின் ஆய்வகத்திலேயே குடியைக் குறைக்கும் வழி தேடியிருக்கிறார்கள். நம் ஊரிலும் அப்படி நடக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

குடிக்கும்போது மூளையில் எண்டார்பின் சுரக்கும். அது தனக்குரிய இடத்தில் போய் உட்காரும்போதுதான் அந்தச் சுகம் வரும்; ‘இன்னும் வேண்டும்’ என்று மூளை பாடம் படிக்கும். நால்ட்ரெக்சோன் முந்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். குடித்தால் போதை ஏறும், கால் தள்ளாடும், ஆனால் அந்தப் பரிசு கிடைக்காது. காக்கை வருகிறது, சுவரில் சோறில்லை. அதனால் சின்க்ளேர் சொன்ன முறையில், குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை. குடிக்காத நாளில் மாத்திரை இல்லை. மாத்திரையை விட்டுவிட்டுக் குடித்தால் சுவரில் மறுபடி சோறு வைத்த கதைதான். வாரக் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில் பொறுக்கவேண்டும்.

எல்லா டாக்டரும் இந்த முறையில் கொடுப்பதில்லை. தினமும் ஒரு 50 மில்லிகிராம் மாத்திரை என்று எழுதுகிறவர்களே அதிகம். அமெரிக்காவில் 1994இல் குடிநோய்க்கு நால்ட்ரெக்சோன் அனுமதி பெற்றது. இதன் உறவுக்கார மருந்தான நால்மெபீனை, குடியைக் குறைப்பதற்கென்றே 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்தது. ஆனால் ‘எல்லாருக்கும் பலிக்கும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதே. சிலருக்கு நன்றாகக் குறைகிறது, சிலருக்கு ஓரளவு, சிலருக்கு ஒன்றுமே நடப்பதில்லை. முதல் சில நாள் குமட்டலும் தலைவலியும் வரலாம். ஈரல் பரிசோதனை பார்த்துத்தான் ஆரம்பிப்பார்கள். மாத்திரை போட்டாலும் போதை போதைதான், வண்டிச் சாவியை எடுக்கக்கூடாது.

குறைக்கிறோம் என்றால் அளவு தெரியவேண்டும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுமார் 60 கிராம் சாராயம். அப்பா தானே ஒரு நோட்டில் தினமும் குறிக்கட்டும். இரண்டு குவார்ட்டர் ஒன்றாகி, ஒன்று கட்டிங் ஆனால் அது தோல்வியில்லை, முன்னேற்றம். நீ ஒளிந்து நின்று பாட்டில் எண்ணாதே. அது மகள் வேலை இல்லை.

இன்னொன்று. பாட்டிலை ஒளித்துவைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதே. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதற்குப் பின் புத்தி தடுமாறிக் கண்டதைப் பிதற்றவும் கூடும். அப்படி ஏதாவது கண்டால் எனக்காகக் காத்திருக்காதே. 108ஐக் கூப்பிடு.

அப்பாவிடம் பேசவேண்டியது காலையில், தெளிந்திருக்கும்போது. நானே பேசுகிறேன். சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் என் மடியில் படுத்துக்கொண்டுதான் கஷாயம் குடிப்பான் உன் அப்பா. என் தம்பியிடம் மறைக்க எனக்கு எதுவும் இல்லை. மாத்திரையை அவன் கையில் கொடுத்து, இது என்ன செய்யும் என்று அவனிடமே சொல்வேன். சம்மதித்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவோம். மாட்டேன் என்றால் அடுத்த மாதம் மறுபடி கேட்பேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் நீ ஒரு வேலை செய். இடுப்பு வலிக்கு என்று அவன் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை அட்டைகளையும் இருமல் மருந்து பாட்டிலையும் எடுத்து வை. டிரமடாலோ கோடீனோ அதில் இருந்தால் நால்ட்ரெக்சோனை உடனே ஆரம்பிக்க முடியாது. டாக்டரிடம் முதலில் அதைத்தான் காட்டவேண்டும்.

அன்புடன்,
அத்தை