ஏரியின் ஆழமும் படகின் வேகமும்

ஓர் ஏரியின் கரையும் மதகும் கலங்கலும் கண்ணுக்குத் தெரிவன. அதன் வயிறோ தெரிவதில்லை. அதில் எவ்வளவு வண்டல் படிந்துள்ளது, எவ்வளவு நீர் கொள்ளும் என்பனவற்றை அளந்தே அறிதல் வேண்டும்.

செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்வோம். அதன் முழு நீர்மட்டம் 24 அடி. முழுக் கொள்ளளவு 364 கோடியே 50 லட்சம் கன அடி. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பெய்த பெருமழையின்போது இவ்வேரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. 2019ஆம் ஆண்டுக் கோடையிலோ ஏரி வறண்டு கிடந்தது. மழைக்காலத்தில் இன்னும் எவ்வளவு நீரைத் தேக்கலாம், கோடைக்கு எவ்வளவு மிஞ்சும் என்னும் இரு வினாக்களுக்கும் உண்மையான ஆழம் தெரிந்தாலன்றி விடை கூற இயலாது. ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் ஆழத்தை ஓரடி தவறாகக் கொண்டால், கணக்கில் ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் கன அடி, அதாவது சுமார் 30 கோடி லிட்டர், பிழை நேரும்.

முற்காலத்தில் மூங்கிற் கழியையும் ஈயக்குண்டு கட்டிய கயிற்றையும் கொண்டு ஆழம் பார்த்தனர். இன்று படகில் பொருத்திய சோனார் கருவி அப்பணியைச் செய்கிறது. கருவியின் முனை நீருக்குள் ஒலியை அனுப்புகிறது. ஒலி தரையில் மோதித் திரும்புகிறது. நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். போய்வந்த நேரத்தைப் பாதியாக்கி இவ்வேகத்தால் பெருக்கினால் ஆழம் கிடைக்கும். 24 அடி ஆழத்திற்கு ஒலி போய்வர ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கே ஆகும். அதற்குள், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் படகு ஐந்தாறு சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். ஆகவே, படகின் வேகம் ஒலியை ஏமாற்றுவதில்லை. ஏமாற்றுவது காற்றுக் குமிழி.

படகு விரைந்தோடும்போது அதன் அடியில் காற்று புகுந்து நுரைக்கிறது. சுழல்விசிறியும் நீரைக் கலக்குகிறது. ஒலி அந்நுரையிலேயே மோதித் திரும்பிவிடும். அல்லது அதில் சிதறி மறைந்துவிடும். அப்பொழுது கருவி இல்லாத தரையைக் காட்டும், அல்லது எதையும் காட்டாது. மேலும், வேகம் கூடும்போது படகின் பின்புறம் நீரில் அமிழ்வதால், அங்குள்ள முனையும் தாழ்ந்து அளவு மாறும்.

இது பெரிய ஏரிகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளன. அத்தகைய ஊரேரி ஒன்றில் நாம் கண்டதைக் கூறுவோம். மழைக்கு முன் முடிக்க வேண்டுமென்று அளவெடுக்க வந்தோர் படகை விரைந்து ஓட்டினர். ஓரிடத்தில் கருவி நாலடி காட்டியது. உடனிருந்த முதிய மீனவர், "ஐயா, இங்கே ஆள் மூழ்கும் தண்ணீர் உண்டு" என்றார். படகை நிறுத்திக் கழியை ஊன்றினோம், ஆறடி இருந்தது. இல்லாத இரண்டடி வண்டலை வாருவதற்குப் பொதுப்பணம் போக இருந்தது! 10 ஹெக்டேர் ஏரியில் 10 சென்டிமீட்டர் பிழையே 10,000 கன மீட்டர் மண்ணாகும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

எனவே, கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

ஒன்று: கருவியின் முனையைச் சுழல்விசிறிக்கு அருகில் பொருத்தலாகாது. நடுப்பகுதியில், பக்கவாட்டில், உறுதியான கம்பத்தில், நுரை படாதபடி படகின் அடிமட்டத்திற்குக் கீழே நிறுத்துக. முனை நீர்மட்டத்திற்கு எவ்வளவு கீழே உள்ளதோ அதனை ஆழத்துடன் கூட்டுக.

இரண்டு: வேலை தொடங்குமுன், அளவிட்ட சங்கிலியில் தட்டையான இரும்புத் தகட்டைக் கட்டி, முனைக்கு நேர்கீழே 1, 2, 3 மீட்டர் ஆழங்களில் இறக்கிக் கருவியைச் சோதித்திடுக.

மூன்று: ஒரே கோட்டில் முதலில் மெதுவாகவும், பின்னர் சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டியும் ஓட்டுக. எவ்வேகத்தில் அளவு மாறுகிறதோ அதற்கு உள்ளாகவே வேகத்தை வைத்துக்கொள்க. மணிக்கு 7 அல்லது 8 கிலோமீட்டர் வேகம் பெரும்பாலும் போதும். இடம் குறிக்கும் கருவி ஒரு வினாடி பிந்தினாலும், 20 கிலோமீட்டர் வேகத்தில் அளவு ஐந்தரை மீட்டர் தள்ளிப் பதிவாகும் என்பதையும் மறவற்க.

நான்கு: நெடுக்கே எடுத்த கோடுகளைக் குறுக்கே சில கோடுகளால் வெட்டுக. வெட்டும் இடத்தில் இரண்டு அளவுகளும் ஒத்திருத்தல் வேண்டும்.

ஐந்து: அன்றைய நீர்மட்டத்தை அளவுகோலில் பார்த்துக் குறித்துக்கொள்க. நீர்மட்டம் குறிக்கப்படாத ஆழம் பயனற்றது.

ஆறு: பத்து இடங்களிலேனும் கழியால் சரிபார்க்க. கழி சேற்றில் புதையாதிருக்க அதன் நுனியில் வட்டத் தகடு பொருத்துக. அதிக அதிர்வெண் ஒலி மென்சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பும்; குறைந்த அதிர்வெண் ஒலி அதனை ஊடுருவும். ஆதலின் எந்த ஒலியால் அளந்தோம் என்பதையும் எழுதி வைக்கவேண்டும்.

ஊராட்சித் தலைவர்களும் உறுப்பினர்களும் அளவெடுக்கும் நாளில் கரையில் நின்று வேடிக்கை பார்த்தல் போதாது. ஒருவரேனும் படகில் ஏறவேண்டும். ஏரியை அறிந்த மீனவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லவேண்டும். வேகத்தால் ஒரு நாள் மிச்சமாகலாம். ஆனால் அந்நாளில் எழுதிய தவறான ஆழமோ, அடுத்த அளவெடுப்பு வரை ஊரின் கணக்கில் உண்மையாக நின்றுவிடும். அளவுப் புத்தகத்தில் கையொப்பமிடுமுன், "படகு என்ன வேகத்தில் ஓடிற்று?" என்று ஒருமுறை கேட்பது நம் கடமையாகும்.